வந்த பிள்ளையும் வரவேற்ற ஊரும்

திருத்தணிகை மலையின் 365 படிகளை ஏறி நிற்போர்க்கு ஆந்திர எல்லை தொலைவன்று. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடுதான் இடம் மாறிற்று. மக்கள் தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். மக்களே கோடு கடந்து ஓட நேரின் அவர்தம் பிள்ளைகளின் நிலை யாது?

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில், இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்த தமிழர் முகாம் உள்ளது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆதலின் முகாம் பிள்ளைகள் பெற்ற கல்வி, உரிமையாக அன்றிச் சலுகையாகவே வந்தது. சலுகை பறிபோகக் கூடியது. 1991க்குப் பின் அவர்தம் உயர்கல்வி வாயில்கள் பெரிதும் அடைபட்டன. தாம் செய்யாத குற்றத்திற்குப் பிள்ளைகள் தண்டம் இறுத்தனர். 2021இல் தமிழக அரசு அம்முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது நன்று. பெயருக்கேற்ற வாழ்வும் வாய்த்தல் வேண்டும்.

மற்றொரு காட்சியையும் நாம் மறத்தல் ஆகாது. 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்க்குத் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. எழுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்; பெரும்பாலோர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். புத்தளத்து மக்கள் அவர்களை அரவணைத்தனர். எனினும் ஆண்டுகள் நீள நீள, குடிநீரும் வேலையும் பள்ளி இடமும் இருசாராருக்கும் போதாவாயின, மனக்கசப்பும் முளைத்தது. இக்கசப்புக்குக் காரணம் கொடுமை மனம் அன்று, பற்றாக்குறையே.

"நம் ஊர் ஏழைக்கே இல்லாதபோது வந்தவர்க்கு எங்ஙனம் ஈவது?" என வினவுவோர் உளர். அவ்வினாவை இகழ்தல் முறையன்று. அதற்குரிய விடை, உதவியை மறுப்பதன்று. அதனை ஊருக்கும் சேர்த்து வழங்குவதே. உகாண்டா நாட்டில், அகதிகளுக்கான உதவியில் நூற்றுக்கு 30 பங்கு அவர்களை ஏற்ற ஊராரையும் சென்றடைதல் வேண்டும் என்னும் நெறி வகுக்கப்பட்டது. முகாமுக்கென வேலியிட்டுத் தனிப்பள்ளி எழுப்புவதினும், ஊர்ப்பள்ளிக்கு இரண்டு வகுப்பறையும் ஓர் ஆசிரியரும் ஒரு குடிநீர்த் தொட்டியும் தருவது மேல். அப்போது வந்த பிள்ளை, ஊரார் கண்ணுக்குப் பங்காளியாகத் தோன்றான், பேறாகவே தோன்றுவான்.

மக்கத்து முஹாஜிர்களோடு தம் உடைமையைப் பகிர்ந்த மதீனத்து அன்சாரிகளின் வரலாற்றை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அதனை நம் கல்லூரிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் எழுதினால் என்ன? ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் முகாம் மாணவர் இருவருக்கும், அம்முகாமை அடுத்த ஊரின் ஏழை மாணவர் இருவருக்கும் கட்டணமின்றி இடமளிக்கட்டும். நால்வரும் ஒரே விசிப்பலகையில் அமரட்டும். பெரியோர் இதனை ஆய்ந்து ஆவன செய்வார்களாக!