குழாயைத் தேடிய கண்கள்

கிராமபோன் என்றால் நமக்குக் குழாய் வேண்டும். பித்தளையில், பூவாய் விரிந்த குழாய். அலமாரிபோல் நின்றவற்றை அலமாரியாகவே நடத்திவிட்டோம்.

1906-இல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் விக்டர் நிறுவனம் கொண்டுவந்த விக்ட்ரோலாவின் புதுமையே, குழாயை மடக்கிப் பெட்டிக்குள் மறைத்ததுதான். முன்புறக் கதவுகளைத் திறந்தால் பாட்டு ஓங்கும், சாத்தினால் அடங்கும். விலை 200 டாலர். பழம்பொருள் என்று பெருமை பேசும் நாம், அந்தக் கதவுகளுக்குப் பின்னால் புத்தகம் அடுக்க இடம் பார்த்தோம். உள்ளிருந்த குழாயை அடைசல் என்று கழற்றி எறிந்தோம். பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் பொருத்தி, பளபளக்கும் குழாயை மாட்டி, விக்டரின் சின்னமான நாய்ப் படம் ஒட்டி விற்ற போலிகளுக்குக் காசு கொடுத்தவர்களும் நாம்தான்.

பத்திரப்படுத்தியவர்களின் பிழை இன்னும் பெரிது. உயர்ரக விக்ட்ரோலாக்களின் உலோகப் பாகங்களில் தங்க முலாம் உண்டு, மெல்லிய பூச்சு. அழுக்கென்று நினைத்துப் பாலிஷ் போட்டுத் தேய்த்தோம். முலாம் துணியோடு போனது. மரத்தின் பழைய பூச்சையும் உப்புத்தாள் கொண்டு சுரண்டி வார்னிஷ் அடித்தோம். மூடியின் உட்புறம் இருந்த நாய்ச் சின்னம் அப்போது அழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்திருந்தால் பெட்டியே சொல்லியிருக்கும். நட்சத்திரத் தலைத் திருகாணி 1930-களில்தான் பரவியது. 1912 பெட்டியில் அது இருந்தால் பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது. மோட்டார் பலகையில் பொருந்தாத துளை இருந்தால், மோட்டார் மாறியிருக்கலாம். ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸ் கரகரத்தால், மைக்காத் தகட்டைச் சுற்றிய ரப்பர் இறுகிப்போயிருக்கலாம். அப்படியானால் ரப்பரை மாற்றினாலே குரல் தெளியும். நாமோ பழைய பாட்டு அப்படித்தான் கரகரக்கும் என்று சொல்லி, பாடியவர் குரலையே சிறுமைப்படுத்தினோம். இதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

மாடலும் வரிசை எண்ணும் பொறித்த சிறு தகடு ஒன்று விக்டர் பெட்டிகளில் உண்டு. நான் பழுதுபார்த்த ஒரு பெட்டியில், துடைக்க வசதியாக அதைக் கழற்றி வைத்தேன், திரும்பப் பொருத்தவில்லை. இப்போது அந்த இடத்தில் வெயில் படாத நீள்சதுர நிழலும், ஆணி போன துளைகளும் இருக்கின்றன.