முழு பாட்டிலையும் ஊத்திடாதீங்கண்ணே!

பைக்குக்கு ஆயில் மாத்தும்போது நம்மாளுங்க உத்துப் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். வாங்கின பாட்டில் மொத்தமும் வண்டிக்குள்ள போச்சா? கடைசிச் சொட்டு வடியிற வரைக்கும் பாட்டிலைக் கவுத்துப் பிடிக்கிற மெக்கானிக் நல்லவர். பாதியில மூடி போட்டு ஓரமா வச்சா... திருடன்!

பிரச்சினையே இங்கதான் ஆரம்பிக்குது மக்களே. 100 சிசி வண்டிகள் பலதுக்கு ஆயில் மாத்தும்போது ஒரு லிட்டர் தேவையில்லை. எவ்வளவுன்னு வண்டியோட குடுத்த புத்தகத்துல போட்டிருக்கும் (பிளாஸ்டிக் கவர் பிரிக்காமலே கிடக்குமே, அதேதான்). கடையில 800, 900 மில்லி பாட்டிலும் இருக்கு. ஆனா நாம "ஒரு லிட்டர் குடுங்க"ன்னுதான் கேப்போம். மெக்கானிக்கும் திருடன்னு பேர் வாங்க வேணாமேன்னு மொத்தத்தையும் ஊத்திடறார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை, நம்ம சந்தேகம்தான் வண்டிக்குள்ள போகுது.

கூட 200 மில்லி போனா நல்லதுதானேன்னு கேக்கலாம். இது நெய் இல்லீங்க. வேகமா சுத்துற கிராங்க் ஷாஃப்ட் ஆயில்ல அடிபட்டு, மோர் கடையிற மாதிரி நுரை கட்டிடும். ஆயில் பம்ப் அந்தக் காத்தையும் சேர்த்து இழுத்தா, உரசுற இடங்களுக்குப் போதுமான ஆயில் போகாது. அதாவது ஆயில் அதிகமானதாலேயே ஆயில் பத்தாம போகுது! பொருளியல்ல படிச்ச குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை :)

இதுல கொஞ்சம் பிரீதர் குழாய் வழியா ஏர் ஃபில்டருக்கும் போயிடும். அப்புறம் சைலன்சர்ல நீலப் புகைதான். எங்க தெருவுக்குப் பால் போடுற அண்ணன் வண்டிக்கு இப்படி ஆகி, "ரிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்"னு ஒரு கடையில சொல்லிட்டாங்க. வண்டி நின்னா அவர் பொழப்பும் நிக்கும். நல்லவேளை, இன்னொரு பெரியவர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துட்டு, ஆயிலைக் குறைச்சு, ஏர் ஃபில்டரை மட்டும் மாத்திக் குடுத்தார். ரெண்டு நாள்ல புகை நின்னுடுச்சு.

நீங்களே பார்க்கலாம். சமமான இடத்துல சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ரெண்டு மூணு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்க. அதே அளவு நேரம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைச்சு வச்சு எடுங்க. பல வண்டிகள்ல திருகாம சும்மா வச்சுதான் பார்க்கணும். திருகினா இன்னும் உள்ள இறங்கி, இருக்கிறதைவிட அதிகமாக் காட்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தா, மெடிக்கல் ஷாப்ல பெரிய சிரிஞ்சும் மெல்லிய டியூபும் வாங்கி, ஆயில் ஊத்துற வழியாவே உறிஞ்சிடுங்க. டியூப் இறங்கலைன்னா கீழ்போல்ட்டைத் தளர்த்தித்தான் விடணும். இன்ஜின் ஆறினப்புறம் செய்யுங்க, கை வெந்துடும்.

அடுத்த தடவை சர்வீஸுக்குப் போனா, "அளவு பார்த்து ஊத்திட்டு மிச்சத்தைக் கையில குடுத்துடுங்கண்ணே"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. காசு குடுத்து வாங்கினது, மூடி இறுக்கி வச்சா டாப்-அப் பண்ண ஆகும்.