பலகையில் நம்பர் எங்கே?

ஆட்டோ ஓட்ட லைசென்சு வேண்டும். மருந்துக் கடை வைக்க லைசென்சு வேண்டும். தெரு முனையில் சின்ன ஓட்டல் நடத்தினாலும் லைசென்சு வாங்கித்தான் ஆகவேண்டும்.

படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தருவதாகப் பலகை மாட்டுகிறார்களே, அவர்களுக்கு?

அவர்களுக்கும் சட்டம் உண்டு. 30 ஆண்டுகளுக்கு மேலாகவே உண்டு. பல பெற்றோருக்கு அது தெரியாது. தெரியாத வரையில் சிலருக்கு நல்ல வியாபாரம்!

பிள்ளை நன்றாகப் பேசுகிறான். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் விழிக்கிறான். "கடல்" என்பதைக் "கலட்" என்கிறான். இந்தத் தடுமாற்றத்துக்கு டாக்டர்கள் வைத்த பெயர் டிஸ்லெக்சியா.

இது புதிய சமாசாரம் அல்ல. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரச் சிறுவன். கண்ணில் கோளாறு இல்லை. கணக்கு வந்தது. படிப்பு வரவில்லை. பாடத்தை எல்லாம் வாயால் சொல்லியே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் நினைத்தாராம்.

ஆகவே இது சோம்பேறித்தனம் அல்ல. மந்த புத்தியும் அல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம். அடித்தால் போகாது. இதற்கு மாத்திரை இல்லை, ஊசியும் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த எழுத்துக்கு இந்த ஒலி என்று ஒவ்வொரு படியாக, மாதக் கணக்கில் சொல்லித் தரவேண்டும். பிள்ளை படிப்பான். வேகம் கொஞ்சம் குறையலாம்.

மாதக் கணக்கில் என்றதும் பெற்றவர்களுக்கு மலைப்பு வருகிறது. குறுக்கு வழிக்காரர்கள் நுழைவது அந்த நேரத்தில்தான். கலர் கண்ணாடி போட்டால் சரியாகுமாம். கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் எழுத்து நிற்குமாம். சில வாரத்தில் குணமாம்! கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் இந்தக் குறையைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கங்களும் 2009-ல் கூட்டாக அறிக்கை வெளியிட்டன.

பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். 7 வயதில் தொடங்கவேண்டிய பாடத்தை 10 வயதில் தொடங்கினால், நடுவில் போன 3 வருஷத்தை யார் தருவார்கள்? அதற்குள் பிள்ளை தன்னை முட்டாள் என்றே முடிவு கட்டியிருப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1992-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அதன்படி அமைந்தது. சிறப்பு ஆசிரியர், மனநலப் பரிசோதனை செய்யும் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோர் அங்கீகாரம் பெற்ற படிப்புப் படித்து, கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள்.

1,000 ரூபாய்! 1992-ல் அது ஒரு தொகை. இன்று அதற்குப் பயந்து யார் பலகையைக் கழற்றுவார்?

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவையும் கணக்கில் சேர்த்தது. 1995-ன் பழைய சட்டத்தில் அது இல்லை. சர்க்கார் சான்றிதழ் 8 வயது நிறைந்தவர்களுக்கே என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றும் 2018-ல் விதி வகுத்தார்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கும்போது இந்தச் சான்றிதழ்தான் பேசும். தகுதி இல்லாதவர் கையெழுத்துப் போட்ட காகிதம் பேசாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும்போது அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

இன்னொரு சங்கதி. பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது. காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் படித்தவரும் சிறப்பு ஆசிரியர்தான். அவர் நல்லவர், படித்தவர். ஆனால் இது அவருடைய பாடம் அல்ல. எந்தப் பிரிவில் படித்தீர்கள் என்று கேட்கவேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் டிஸ்லெக்சியாவுக்கென்றே தனி லைசென்சு தர 2009-ல் சட்டம் செய்தார்கள். உயர்நிலை லைசென்சுக்கு 200 மணி நேரப் பாடம், 700 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி. இந்தியாவிலும் அப்படித் தனிப் பதிவு வரலாம். தவறில்லை.

ஆனால் சட்டத்தை முறுக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். பதிவு பெற்ற நிபுணர் எல்லா ஊரிலும் இல்லை. பள்ளி விட்ட பிறகு ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி எழுத்துச் சொல்லித் தரும் வாத்தியாரம்மா மீது வழக்குப் போட்டால், இருக்கிற விளக்கும் அணைந்துவிடும். இல்லாத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுகிறவரையும், "குணமாக்குகிறேன்" என்று விளம்பரம் செய்து காசு பறிக்கிறவரையும் பிடித்தால் போதும்.

டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் கிளினிக்கிலும் காட்ட வேண்டும் என்று 2002-ல் விதி வந்தது. அதே விதியை இவர்களுக்கும் கண்டிப்பாக்கினால் என்ன? பலகையில் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றும் தமிழில் இருக்கட்டும். அபராதத் தொகையைக் கூட்டட்டும்.

கவுன்சில் இருப்பது டில்லியில். காஞ்சிபுரத்து நெசவாளி அங்கே போய் விசாரிக்க முடியாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அந்தந்த மாவட்டத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியலை அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, தலைமை ஆசிரியர் அறை வாசலில் அது தொங்கட்டும்.