பிள்ளையின் அறிக்கையைப் பிள்ளையே அமைக்கட்டும்



கல்வியாண்டின் பிற்பகுதி வந்துவிட்டால் நம் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் மாணவர் கூட்டம் பெருகிவிடுகிறது. மேனிலைப் பள்ளிப் பிள்ளைகள் 'புராஜெக்ட்' தலைப்பு எழுதிய துண்டுச் சீட்டுடன் வரிசையில் நிற்கின்றனர். தலைப்பைச் சொன்னால் போதும். கடைக்காரரே செய்திகளைத் திரட்டி, பக்கங்களை அமைத்து, வண்ண அட்டையும் சுருள் கம்பியும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். வாப்பா பணம் தருகிறார், பிள்ளை அதைப் பள்ளியில் ஒப்படைக்கிறது, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

இழப்பு அப்போது தெரிவதில்லை. கல்லூரியில் கருத்தரங்கக் கட்டுரை, திட்ட அறிக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் தெரிகிறது. அங்கே எழுத்து சோதிக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின்படி, ஓர் ஆய்வேடு பிறர் எழுத்துடன் 10 விழுக்காட்டுக்கு மேல் 40 விழுக்காடு வரை ஒத்திருந்தால் ஆறு மாதங்களுக்குள் திருத்தி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். எது தன் சொல், எது பிறர் சொல் என்று பிரித்துக்காட்டும் பழக்கம் பதினாறு வயதில் ஏற்படாவிட்டால் இருபத்திரண்டு வயதில் திடீரென்று வந்துவிடாது.

ஆகவே, அறிக்கையை ஒழுங்குற அமைக்கும் முறையை வீட்டிலேயே கற்பியுங்கள். இதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. தட்டச்சுப் பள்ளியில் பயின்று லோயர், ஹையர் தேர்வு எழுதிய தாய்மார்கள் நம் வீடுகளில் பலர் உள்ளனர். வேகத் தேர்வோடு கடிதமும் பட்டியலும் தாளில் அழகுற அமைக்கும் தேர்வையும் எழுதியவர்கள் அவர்கள். தாளின் நடுவிலிருந்து இரண்டு எழுத்துக்கு ஒரு தட்டு வீதம் பின்னே நகர்த்தித் தலைப்பை நடுவில் நிறுத்திய அந்தப் பொறுமையே இதற்கு முதல் தேவை.

எடுத்துக்காட்டாக, பத்தமடைப் பாயைப் பற்றி உங்கள் மகள் ஓர் அறிக்கை எழுதுவதாகக் கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தின் பத்தமடையில் நம் சமுதாய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்புல்லால் நெய்துவரும் பாய் அது. புவிசார் குறியீடு பெற்றது. அவள் முதலில் எழுதி முடிக்கட்டும். அமைப்பு வேலை அதன் பிறகே. எழுதும்போதே எழுத்துரு மாற்றுவதும் வண்ணம் தீட்டுவதும் சிந்தனையைச் சிதறடிக்கும்.

தாளில் தொடங்குங்கள். ஏ-4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நான்கு பக்கமும் ஓர் அங்குலம், அதாவது 2.54 சென்டிமீட்டர் ஓரம் விடச் சொல்லுங்கள். தைப்பதாக இருந்தால் இடப்புறம் ஒன்றரை அங்குலம் வேண்டும். இல்லையேல் முதல் எழுத்துகள் தையலுக்குள் மறைந்துபோகும்.

அடுத்தது எழுத்து. அறிக்கை முழுவதற்கும் ஒரே எழுத்துரு போதும். 72 புள்ளி கொண்டது ஓர் அங்குலம். ஆங்கிலத்திற்கு 12 புள்ளி அளவே பொது வழக்கு. தமிழில் எழுதுவதானால் யூனிகோடு முறையில்தான் தட்டச்சிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்-99 விசைப்பலகையைப் பிள்ளைகள் சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம்.

வரிகளுக்கிடையே ஒன்றரை அல்லது இரட்டை இடைவெளி விடுவது, ஆசிரியர் திருத்தம் எழுத இடம் வேண்டும் என்பதற்காக. காரணத்தைச் சொல்லிக் கற்பித்தால் பிள்ளைகள் விதியை மறப்பதில்லை.

இனி, மிகப் பலர் செய்யும் பிழைக்கு வருவோம். தலைப்பை நடுவில் கொண்டுவர இடைவெளி விசையைப் பலமுறை தட்டுகின்றனர்; புதுப் பக்கம் வேண்டுமெனில் என்டர் விசையை இருபது முறை அழுத்துகின்றனர். தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் உருளையைத் தள்ளிப் பழகிய பெரியவர்களும் கணினியில் அவ்வாறே செய்கின்றனர். இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அறிக்கை முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 12இலிருந்து 14ஆக மாற்றிப் பாருங்கள். தலைப்புகள் நடுவிலேயே நின்று, ஒவ்வொரு பகுதியும் புதுப் பக்கத்திலேயே தொடங்கினால் அமைப்பு சரி. எல்லாம் கலைந்து ஓடினால் தட்டிய வெற்றிடங்களால் கட்டிய வீடு அது. தலைப்புக்கு நடுப்படுத்தும் பொத்தானையும், பத்தியின் தொடக்கத்திற்கு உள்தள்ளலையும், புதுப் பக்கத்திற்குக் கண்ட்ரோல் விசையுடன் என்டரையும் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.

இதைவிட உயர்ந்த பாடம் 'ஸ்டைல்ஸ்' எனப்படும் பாணிகளைப் பயன்படுத்துவது. 'கோரைப்புல்', 'நெசவு முறை', 'விற்பனை' என்னும் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தடித்த எழுத்தாக்குவதற்குப் பதில், அவற்றுக்கு முதல் நிலைத் தலைப்புப் பாணியைக் கொடுக்கச் சொல்லுங்கள். உட்பிரிவுகளுக்கு இரண்டாம் நிலை. அவ்வாறு செய்துவிட்டால் பொருளடக்கத்தைக் கணினியே பக்க எண்ணுடன் தொகுத்துத் தரும். நடுவில் இரண்டு பக்கம் சேர்த்தால் ஒரு சொடுக்கில் புதுப்பித்துக்கொள்ளும். வேர்டு மென்பொருளிலும், காசு கொடுக்காமல் கிடைக்கும் லிபர் ஆபீஸிலும் இவ்வசதி உண்டு. பக்க எண்ணையும் கையால் அடிக்கலாகாது. கணினியிடம் விட்டுவிட வேண்டும். முகப்புப் பக்கத்தில் எண் தோன்றாமல் இருப்பது வழக்கம்.

அட்டவணைக்குத் தலைப்பு மேலேயும், படத்திற்கு விளக்கம் கீழேயும் வரும். ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும். 'படம் 2இல் காண்க' என்று கட்டுரைக்குள் சொல்லப்படாத படம் வெறும் அலங்காரமே, அதை நீக்கிவிடலாம்.

இவை அனைத்திலும் தலையாயது மேற்கோள். மகள் பத்தமடைக்குச் சென்று நெசவாளர் ஒருவரிடம் பேசியிருந்தால், அவர் இசைவுடன் அவர் பெயர், ஊர், பேசிய நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நூலிலிருந்து எடுத்ததெனில் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் வேண்டும். சொல்லுக்குச் சொல் எடுத்ததை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். கருத்தை மட்டும் எடுத்து வேறு சொற்களில் எழுதினாலும் எடுத்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். பிறர் உழைப்பை அவர் பெயராலேயே வழங்குவது ஒரு கடன் தீர்ப்பு; படிப்பவர் அதே நூலைத் தேடிச் சென்று சரிபார்க்கவும் அது வழிகாட்டுகிறது.

எழுதும் முறைகள் பல. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. இன்று அதன் ஏழாம் பதிப்பு நானூறு பக்கங்களைக் கடந்த நூல். நவீன மொழிச் சங்கம் 1977இல் தன் முதல் கையேட்டை வெளியிட்டது. எது சிறந்தது என்று பள்ளிப் பிள்ளை ஆராய வேண்டியதில்லை. ஆசிரியர் சொன்ன முறையை முதல் வரி முதல் கடைசி வரி வரை மாறாமல் பின்பற்றினால் போதும். கையால் எழுதித் தரச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. ஓரமும் தலைப்பு வரிசையும் மேற்கோளும் அங்கும் இவையே.

கற்பிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறோம். விதிகளை ஒப்பிக்க வைக்காதீர்கள். அமைப்பே இல்லாத இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் நாள் தாளும் எழுத்தும். இரண்டாம் நாள் தலைப்பும் பொருளடக்கமும். மூன்றாம் நாள் மேற்கோள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். சுட்டியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள்; அருகில் அமர்ந்து சொல்லுங்கள். வீட்டில் கணினி இல்லையெனில் பள்ளிக் கணினி அறையைக் கேளுங்கள். 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் சில, அண்ணன் அக்காமாரின் அலமாரியில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். எழுத்து வேலைக்கு அதுவே மிகுதி.

முடிந்ததைப் பி.டி.எஃப். வடிவில் சேமித்தால் எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் கலையாது. பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போகட்டும், அச்சுப்படி எடுக்க மட்டும்! வண்ண அட்டை இல்லாமல் போகலாம். ஓரிரு எழுத்துப் பிழையும் இருக்கலாம். ஆயினும், "இதை நீயா செய்தாய்?" என்று ஆசிரியர் கேட்கும்போது உங்கள் பிள்ளை தலைநிமிர்ந்து "ஆம்" என்று சொல்லும். அந்தச் சொல்லைக் கடையில் வாங்க இயலாது, பெற்றோர்களே!