நிறுத்தத் தெரிந்தவனுக்கே வேகம்

வேகத்தில் ஆசை கொண்ட இளைஞனைக் கண்டிப்பதால் மட்டும் அவ்வாசை அடங்கிவிடுவதில்லை. அதற்குரிய இடத்தைக் காட்டுவதே அறிவுடைமை. பொதுச்சாலை அவ்விடமன்று. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் இருக்கிறது. இத்தகைய தடங்களில், கட்டணம் செலுத்திச் சொந்தக் காரைப் போட்டியின்றி ஓட்டிப் பழகும் நாட்கள் நடத்தப்படுவதுண்டு.

இதற்கு விலையுயர்ந்த கார் தேவையில்லை. பழைய மாருதி ஸ்விஃப்ட் போன்று எடை குறைந்த, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் காரே போதும். வழக்கமான மோட்டார் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்பதில்லை. ஆகவே, சேதமுற்றாலும் குடும்பம் தாங்கக்கூடிய விலையில் வாங்க வேண்டும், கடன்பட்டு வாங்கலாகாது.

வாங்கியதும் எஞ்சினின் சக்தியைப் பெருக்கவே பலரும் விரும்புகின்றனர். இது தவறு. வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில், புதிதாயின் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது தரவிதி. ஈரமேறியபின் 155 டிகிரியே அதன் வரம்பு. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதித்த பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது.

எனவே முதற்செலவு புதிய பிரேக் ஆயில், தேயாத பிரேக் பேடுகள், நல்ல டயர்கள், தலைக்கவசம் ஆகியவற்றுக்கே. சில சுற்றுகளுக்குப் பின் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியவுடன் கைப்பிரேக்கை இழுக்கக் கூடாது.

பெற்றோரே! மகன் தன் காரின் வேகத்தைப் புகழ்ந்தால், "பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய்?" என்று கேளுங்கள். உடனே விடை வந்தால், அவன் பழகத் தகுதி பெற்றுவிட்டான்.