கொண்டை ஊசி வளைவில் எந்த டயர் நிற்கும்?

ஏற்காட்டுக்குப் போனவர்களுக்கு ஒண்டிக்கடை தெரியும். ஏரிக்குப் பக்கத்தில் உள்ள முக்கு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் மேல் கார் வந்து நிற்கும். மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில் சில கார்கள் தனியாகத் தெரியும். சிவப்பு வண்டி. பளபளக்கும் அலாய் வீல். வண்டியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் அகலமான டயர். டீ குடிக்க வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்ப்பார்.

"தம்பி, இந்த டயர் என்ன விலை?"

விலையைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். "வண்டி ஓடினால் போதாதா? டயரிலே என்னப்பா வித்தியாசம்?" என்பார்.

"அப்படி இல்லைங்க ஐயா. அகலமா இருந்தாத்தான் வளைவிலே பிடிச்சு நிக்கும்" என்பார் இளைஞர்.

இரண்டு பேர் சொல்வதும் சரியல்ல. டயரில் வித்தியாசம் உண்டு. நிறைய உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் அகலத்தில் இல்லை.

உள்ளங்கை அகலம்

சேலம் ஊர் 1,000 அடிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி. இந்த உயரத்தை வண்டி ஏறுவதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகள் போட்டிருக்கிறார்கள்.

ஏறும்போது பயம் குறைவு. எஞ்சின்தான் திணறும். இறங்கும்போதுதான் டயருக்குச் சோதனை. பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பாரம் முன் சக்கரங்களில் வந்து விழும். அதே நேரத்தில் அந்தச் சக்கரங்கள் திரும்பவும் வேண்டும்.

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஓர் ஆளின் உள்ளங்கை அளவு. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள், பலாப்பழம், காப்பித்தூள் எல்லாம் ஏறிய கார் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அத்தனையையும் நான்கு உள்ளங்கைகள் பிடித்து நிறுத்துகின்றன.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டு நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். எந்த டயர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறதே என்பார்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ரோட்டில் இல்லாத பிடிப்பை அது கொண்டுவந்து கொடுக்காது.

மழை வந்தால்

வெயில் காலத்தில் நல்ல டயர்கள் எல்லாமே ஓரளவு பிடிக்கும். மழை பெய்தால் தெரியும் சங்கதி.

டயரில் ஓடும் பள்ளங்களை டிரைவர்கள் 'பட்டன்' என்கிறார்கள். ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். தள்ள முடியாமல் போனால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டீயரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது.

அகல டயரின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அதே பாரம் அதிக அகலத்தில் பரவுகிறது. தண்ணீரைப் பிளக்கும் அழுத்தம் குறைகிறது. பட்டன் ஒரே மாதிரி இருந்தால் ஒல்லி டயரைவிட அகல டயர் முந்தி மிதக்கும். வளைவில் பிடிக்கும் என்று செலவு செய்து வாங்கிய அகலம், மழை நாளில் எதிரியாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச் சுவர் குட்டையாகிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு குழியில் வேகமாக இறங்கினால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயர் நசுங்கும். பக்கத்தில் பலூன் போலப் புடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அப்படியானால் விலை உயர்ந்த டயரே வேண்டாமா? வேண்டும். மென்மையான ரப்பர் ரோட்டின் சொரசொரப்பைக் கவ்விப் பிடிக்கும். ஈரத்தில் பிடிப்பதற்கென்றே கலவை செய்த டயர்கள் கடைகளில் இருக்கின்றன. வண்டிக்குச் சொன்ன அதே அளவில் அப்படிப்பட்ட டயரை வாங்குவது வீண் செலவு அல்ல. ரிம்முக்குக் கொட்டும் பணத்தை ரப்பருக்குக் கொடுக்கலாம்.

சிலர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, குளிர் பிரதேசத்து டயர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பனி பெய்யும் நாடுகளுக்கு அது தேவை. 7 டிகிரிக்குக் கீழே போனால்தான் சாதாரண ரப்பர் இறுகும். ஏற்காட்டு மார்கழிக் குளிர் அவ்வளவுக்குப் போவதில்லை. ஸ்வெட்டர் மனிதருக்குப் போதும்.

இண்டியானாபொலிஸில் நடந்தது

பெரிய கம்பெனி டயர் எங்கும் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் 2005-ஆம் ஆண்டு ஜூன் 19-ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பார்முலா ஒன் பந்தயம். மொத்தம் 20 கார்கள். அவற்றில் 14 கார்களுக்கு மிஷலின் டயர். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை ஒத்திகையில், ஒரு கார் கடைசி வளைவில் டயர் கெட்டுப்போய்ச் சுவரில் மோதியது. சரிவாகக் கட்டப்பட்ட வேகமான வளைவு அது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் இந்த டயர்கள் தாங்காது என்று கம்பெனியே தன் அணிகளுக்குச் சொல்லிவிட்டது.

அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்களும் வரிசையாக உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அதில் ஒருவர் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன். அவருக்கு அன்று நான்காவது இடம் கிடைத்தது.

உலகத்தில் முதல் வரிசையில் நிற்கும் கம்பெனி. கெட்டிக்கார என்ஜினீயர்கள். ஆனாலும் ஒரே ஒரு வளைவுக்கு அந்த டயர் பொருந்தவில்லை. ஏற்காட்டுப் பாதையில் வளைவுகள் 20. அங்கே வண்டி ஓட்டுபவர் டயர் வாங்கும்போது கம்பெனிப் பெயரைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாமா?

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. படிப்பவர்தான் குறைவு.

உதாரணமாக, ஸ்விப்ட் காரின் உயர்ந்த ரகங்களுக்கு 185/65 ஆர் 15 டயர் வருகிறது. 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அடுத்து 88 எச் என்று இருந்தால், 88 என்பது அந்த டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கு அடையாளம். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று அர்த்தம். மலைப் பாதையில் யாரும் 210-ல் போகப் போவதில்லை. ஆனாலும் கார் கம்பெனி சொன்ன எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கக் கூடாது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அந்த அளவுகள் ஒட்டப்பட்டிருக்கும்.

சில டயர்களில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் பிடிப்பு அதிகம், சீக்கிரம் தேயும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். 400-க்கு மேல் என்றால் நாள் பட உழைக்கும். அந்த எண்ணைக் கம்பெனியே போட்டுக்கொள்வதால், ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது அவ்வளவு சரியாக வராது.

நான்கு இலக்கத்தில் இன்னோர் எண் உண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். தள்ளுபடி விலை என்று கடைக்காரர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளத்துக்குள் சிறு சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். அதோடு டயரின் ஆயுள் முடிந்தது. மலைக்குப் போகிற குடும்பம் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் வந்தாலே மாற்றிவிடுவது நல்லது.

பணம் இல்லை, இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால்? முன் சக்கரத்தில் போடச் சொல்லித்தான் பலரும் கேட்பார்கள். புது டயரைப் பின்னால் போட வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராக ஓடும். காலை எடுத்தால் வேகம் குறையும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம் போலச் சுற்றும். அதை அடக்குவதற்குப் பந்தய வீரர் கை வேண்டும்.

காற்று வழக்கு

மலை ஏறினால் டயரில் காற்று கூடுமா, குறையுமா? இது ஓயாத வழக்கு. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் மீட்டரில் சுமார் 2 பவுண்டு கூடத் தெரியும். ஆனால் மேலே குளிர். டயர் 10 டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை பவுண்டு குறையும். ஒன்றை ஒன்று ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். வழக்காடிய இருவரும் வென்றதாக வைத்துக்கொள்ளலாம்.

இறங்கி வந்ததும் சூடான டயரில் அளந்துவிட்டு, காற்று அதிகம் என்று பிடுங்கி விடுகிறார்களே, அதுதான் தவறு. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும்.

2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையின்போது இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ரோட்டில் சேறு கிடக்கும் நாளில் எந்த விலை டயரும் உதவாது. அன்றைக்கு வீட்டில் இருக்கலாம்.

மலை ஏறுவதற்கு முன் பின்பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். நான்கு டயரை மாற்றியவர்கள் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். அது பழைய அளவில், காற்று இல்லாமல், பையின் அடியில் கிடக்கும். பதினைந்தாவது வளைவில் பஞ்சரானால் அதைத்தான் மாட்ட வேண்டும்.