களவு போன வீட்டை இடிப்பதா?

ஶ்ரீலங்கன் விமானங்களை விற்றுவிட்டுக் கம்பனியை இழுத்து மூடினால் கல்முனைக்காரனுக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார் சகோதரர் ஒருவர். நட்டம் இருக்கிறது.

1979இல் எயார்லங்காவாகத் தொடங்கியது இந்தக் கம்பனி. 2001 ஜூலை 24 கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலில் அதன் 12 விமானங்களில் பாதி அழிந்தோ சேதப்பட்டோ போயின. அதிலிருந்தும் எழும்பியது. பிழை விமானத்தில் அல்ல, கையெழுத்தில். 2013இல் எயார்பஸ்ஸிடம் ஏ330, ஏ350 என்று வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு ஏ350 வேண்டாமென்று நட்டஈடு கட்டினார்கள். 2020இல் லஞ்ச விசாரணைகளை முடிக்க எயார்பஸ் 360 கோடி யூரோ செலுத்த இணங்கியபோது, பிரித்தானிய வழக்கு ஆவணத்தில் ஶ்ரீலங்கன் பெயரும் இருந்தது. அதற்குக் கணக்குக் கேட்காமல் மூடச் சொல்வது, களவு போன வீட்டை இடிக்கச் சொல்வதுதான்.

வளைகுடாக் கம்பனிகள் மலிவு என்கிறார். இன்று மலிவாகவே இருக்கட்டும். போட்டிக்கு நம்முடைய விமானம் இல்லாத நாளில் டிக்கெட் விலையை யார் தீர்மானிப்பது? ரியாத் போகும் பிள்ளை இரவில் கல்முனைப் பக்கத்துச் சாய்ந்தமருதில் வேன் ஏறுகிறான். பெட்டியைக் கயிற்றால் இறுக்கி, பேரை மார்க்கரால் எழுதிவிட்டிருக்கிறார் வாப்பா. டிக்கெட்டுக்காக உம்மாவின் காப்பு அடகில். விலை இன்னும் ஏறினால் அடுத்துப் போவது ராத்தாவின் மாலை.